சொற்பொருளை மறுநாள் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்ததைப் படித்தேன். பழைய பாட்டுகளில் பாதிச் சொல் யாருக்கும் புரிவதில்லை, பிள்ளைகளுக்கு அது வீண் சுமை, எல்லாவற்றையும் இன்றைய தமிழில் மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு மூலத்தை ஆராய்ச்சிக்காரர்களிடம் விட்டுவிடலாம் என்பது அவர் கட்சி. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் படும் எரிச்சலை நானும் பட்டிருக்கிறேன். ஆனால் ஒரு சொல் புரியாமல் முட்டிக்கொண்டு நிற்கிறோம் பாருங்கள், அந்த இரண்டு நிமிடம்தான் பாட்டுப் படிப்பதிலேயே ருசியான இடம் என்று நினைக்கிறவன் நான். அதைப் பிடுங்கிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டாமல் போட்டால் சந்தோஷம்.

தமிழாசிரியர் என்று நினைத்துவிடாதீர்கள். துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலில் இருந்து இறங்குகிற மூட்டையை எண்ணி ஐந்தைந்தாகக் கோடு போடுவதுதான் நான் பார்த்த வேலை. இப்போது தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வருகிறார்கள், பாதிப் பேர் காசிமேட்டுப் பக்கத்துப் பிள்ளைகள். வருவது கணக்குக்குத்தான். கணக்கு முடிந்ததும் கீழே ஓடிப் போவதற்கு முன்னால் ஒரு பாட்டு, இரண்டு வரியோ நாலு வரியோ. அதற்கு நான் வைத்திருக்கும் ஒரே சட்டம், பொருளை நான் முதலில் சொல்ல மாட்டேன், அவர்களும் போனைத் தொடக் கூடாது.

ஒரு நாள் குறுந்தொகையில் 109ஆவது பாட்டின் முதல் இரண்டு வரியைப் பலகையில் எழுதினேன்.

முடக்கால் இறவின் முடங்குபுறப் பெருங்கிளை
புணரி இகுதிரை தரூஉம் துறைவன்

எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். இறவுன்னா ராத்திரியா தாத்தா என்றான் ஒரு பையன். ராத்திரிக்குச் சின்ன ‘ர’டா, இது பெரிய ‘ற’ என்று பக்கத்தில் இருந்தவள் அவன் தலையில் தட்டினாள். அப்போ செத்துப்போறதா, இறக்கிறது? செத்துப்போறதுக்கு ஏதுடா காலு என்று அவளே மறுபடியும். நான் எதுவும் சொல்லவில்லை. கால் இருக்கிறது, அது முடங்கிய கால். முதுகும் முடங்கியிருக்கிறது. தனியாக இல்லை, கூட்டமாக இருக்கிறது. அலை கொண்டுவந்து போடுகிறது. இவ்வளவையும் அவர்களாகவே வரியில் இருந்து பொறுக்கி எடுத்துவிட்டார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அவள் அம்மா மீன் ஏலம் எடுத்து வீதி வீதியாக விற்கிறவர், திடீரென்று எழுந்து நின்று “எறா!” என்று கத்தினாள். கத்திய கத்தலில் எதிர் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மா எறாக்காரி வந்துவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

இறவு, இறா, இறால், நம் வாயில் எறா. ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துப் பாட்டு, அந்தப் பெண் வீட்டுச் சட்டியில் கிடந்திருக்கிறது. ‘இறவு - இறால் மீன்’ என்று கீழே அச்சடித்துக் கொடுத்திருந்தால் அவள் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருந்திருப்பாள், எழுந்து நின்றிருக்க மாட்டாள்.

மற்ற சொற்களும் அப்படித்தான் அவிழ்ந்தன. ‘கிளை’ மரக்கிளையாக இருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது, பேரன் பேத்தி என்று குடும்பம் கிளை விட்டிருக்கிறது என்கிறோமே, அந்தக் கிளை. ‘திரை’ என்றதும் சினிமா என்றான் ஒருவன், திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்று ஔவையார் சொன்னது இன்னொருவனுக்கு ஞாபகம் வந்தது, சரி அலைதான். ‘துறைவன்’ துறைமுகத்துக்குச் சொந்தக்காரன். ‘தரூஉம்’ என்பதில் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும் ‘உ’வைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள், அது ஓசையை நீட்டுவதற்கு வந்த எழுத்து, எடுத்துவிட்டுப் படித்தால் ‘தரும்’. ‘புணரி’ மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. பிடிபடாவிட்டால் என்ன, அலை எங்கே இருந்து வருமோ அதுதான் என்று தோராயமாக வைத்துக்கொண்டு தாண்டிவிட்டோம், அப்புறம் அகராதியில் பார்த்தால் கடல், அலை என்று இரண்டுமே போட்டிருக்கிறது. எல்லாச் சொல்லையும் அவிழ்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பேன் என்று அடம் பிடிக்கிறவன் பாட்டை முடிக்கவே மாட்டான்.

பாடப் புத்தகத்தில் பாட்டுக்குக் கீழே ‘சொல்லும் பொருளும்’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கெட்ட எண்ணத்தில் யாரும் வைக்கவில்லை, ஆனால் பிள்ளைகள் அதைப் பாட்டில் இருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கிளை - உறவினர் என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறவளிடம் அது எந்தப் பாட்டில் வந்தது, யாருடைய உறவினர் என்று கேட்டால் முழிக்கிறாள்.

தெரியாத சொல்லைவிடத் தெரிந்த சொல்தான் அதிகம் ஏமாற்றும், இது என் அனுபவம். தெரியாத சொல்லிடம் நாம் ஜாக்கிரதையாக இருப்போம். தெரிந்ததுபோல முகம் காட்டுகிற சொல்லிடம்தான் மோசம் போவோம். 471ஆவது குறளை எடுத்துக்கொள்ளுங்கள். “வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்.” இதில் கடினமான சொல் என்று ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் எங்கள் மாடியில் ஒருவன், வேலை செய்தால் உடம்பு வலிக்கும், அந்த வலியை எல்லாம் தாங்கிக்கொண்டு மூட்டையைத் தூக்கு என்று ஒரே மூச்சில் பொருள் சொன்னான். துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்களைப் பார்த்த எனக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை! வலி இங்கே பலம் என்று ஒருவழியாகக் கொண்டுவந்தோம், அதிகாரத்தின் பெயரே வலியறிதல்தானே. தூக்குவதுதான் நின்றுவிட்டது. பலத்தை எப்படித் தூக்க முடியும்? அப்போது நான் ஒன்றே ஒன்று கேட்டேன், உங்க ஆயா வஞ்சிரம் வாங்கும்போது கடைக்காரம்மா சொல்ற எடையை அப்படியே நம்பிடுவாங்களா? கேட்டு முடிப்பதற்குள் ஒருத்தி கையைத் தூக்கி மீனை ஏந்துவதுபோல மேலும் கீழும் ஆட்டிக் காட்டினாள். தூக்கிப் பார்ப்பது, எடை போடுவது. அவ்வளவுதான் குறள்.

சின்ன வயதில் நானே இதில் விழுந்தவன்தான். மார்கழி மாதம் விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும். ‘நீராடப் போதுவீர் போதுமினோ நேரிழையீர்’ என்று வரும்போதெல்லாம், குளிரில் ரொம்ப நேரம் குளித்துக்கொண்டிருக்கிற பெண்களைப் பார்த்து ஆண்டாள் போதும் போதும் ஏறி வாருங்கள் என்று கூப்பிடுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, போதுதல் என்றால் வருதல், நீராட வர விருப்பமுள்ளவர்களே வாருங்கள் என்று அழைக்கிறாள், அதாவது நான் நினைத்ததற்கு நேர் எதிர். அடுத்த பாட்டிலேயே இன்னொரு குழி இருக்கிறது, ‘தீக்குறளைச் சென்றோதோம்’. அதைத் திருக்குறளோடு சேர்த்து வைத்துச் சண்டை போட்டவர்கள் உண்டு. குறள் வேறு, குறளை வேறு. குறளை என்றால் கோள் சொல்வது, புறம் பேசுவது. ‘ஐ’யை வேற்றுமை உருபு என்று பிரித்ததால் வந்த வினை. செய்யக் கூடாததைச் செய்ய மாட்டோம், கோள் சொல்லித் திரிய மாட்டோம் என்று நோன்பு இருக்கிற பெண்கள் சொல்கிறார்கள். முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்திருந்தால் சண்டைக்கே இடம் இல்லை.

இப்போது நம் ஊர்ப் பாட்டுக்கு வருகிறேன், இதற்காகத்தான் கடிதமே எழுத உட்கார்ந்தேன். திருவொற்றியூரில் அப்பர் பாடியது, நான்காம் திருமுறையில் இருக்கிறது.

மனமெனும் தோணி பற்றி மதியெனும் கோலை ஊன்றிச்
சினமெனும் சரக்கை ஏற்றிச் செறிகடல் ஓடும் போது
மதனெனும் பாறை தாக்கி மறியும்போ தறிய ஒண்ணா
துனையுனும் உணர்வை நல்காய் ஒற்றியூர் உடைய கோவே

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையாக நிற்கிறதே, அங்கே இருந்து கடலைப் பார்த்துக்கொண்டு இதைப் படித்துப் பாருங்கள். தோணி, கோல், சரக்கு, பாறை, எல்லாம் தெரிந்த சாமான். ‘உனையுனும்’ நாக்கைச் சுற்றும், உனை உன்னும் என்று பிரித்தால் சரியாகிவிடும், உன்னுதல் என்றால் நினைத்தல். மதன் என்பதற்குச் செருக்கு என்றும் கொள்ளலாம், மன்மதன் என்றும் கொள்ளலாம், எனக்கு இரண்டுமே பிடித்திருக்கிறது. மாட்டிக்கொண்டது ‘மறியும்போது’ என்ற இடத்தில். மறியல் என்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும், தண்ணீர் வராவிட்டால் குடத்தோடு சாலையில் உட்காருவது. ஆகவே பாறை மறியல் செய்கிறது, தோணி நின்றுவிட்டது என்றார்கள். மோசமான ஊகம் என்று சொல்ல மாட்டேன், இலக்கணப்படி பாதிக் கிணறு தாண்டிவிட்டது. ஆனால் மறிவது பாறை இல்லையே, தோணியல்லவா மறிகிறது.

அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாத அந்த 61 நாளில் அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், மகனைக் கூட்டிப்போக வந்த ஒருவர் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பாறையில அடிச்சா தோணி நிக்காது சார், கவுந்துடும் என்றார். அவ்வளவு சுலபமாக. அன்றைக்கு ராத்திரி டீக்கடைக்குப் போனபோது, கடை நடத்துகிற கேரளத்துச் சேட்டனிடம் உங்க ஊர்ல தோணி கவிழ்ந்தா எப்படிச் சொல்வீங்க என்று கேட்டேன். அவர் பாலை ஆற்றிக்கொண்டே, தோணி மறிஞ்ஞு என்றார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். நாம் தொலைத்துவிட்டோம் என்று நினைக்கிற சொல்லைப் பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் புழங்கிக்கொண்டிருக்கிறார்.

அந்த அப்பா இன்னொன்றும் சொன்னார், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கோல் ஊன்றணும்னா தரை தட்டணும் சார், கரையோரம், கழிமுகம், அங்கதான் கோல் வேலை செய்யும், ஆழத்துக்குப் போயிட்டா கோலை வெச்சிக்கிட்டு என்னா பண்றது என்றார். மறுபடியும் முதல் வரியைப் பாருங்கள். மதி என்கிற கோலை ஊன்றிப் புறப்பட்டுச் செறிகடலில் ஓடுகிறான், அங்கே அந்தக் கோல் எட்டாது. நம் புத்தி எட்டாத ஆழத்தில் போய் மாட்டிக்கொண்டு, கவிழும் நேரத்தில் உன்னை நினைக்கிற உணர்வைக் கொடு என்கிறார். அப்பர் அப்படி நினைத்துத்தான் பாடினார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கோல் - மரக்கழி என்று பொருள் எழுதி முடித்திருந்தால் இந்த இடத்துக்கு நாங்கள் வந்தே இருக்க மாட்டோம்.

கேட்டுத் தெரிந்துகொள்வது ஒன்றும் புதிய வழி இல்லை. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார் என்று படிக்கிறோம். அதில் வருகிற சமண சமயச் சொற்கள் புரியாமல் அவர் கும்பகோணத்தில் இருந்த ஜைனர்களின் வீடு தேடிப் போய்க் கேட்டு எழுதியிருக்கிறார். அதே நூலில் இடையன் வெட்டிய மரம் என்று ஒரு உவமை வருகிறது, அதன் பொருள் பிடிபடாமல் இருந்து, பிறகு பேச்சுவாக்கில் காதில் விழுந்த ‘இடையன் வெட்டு அறா வெட்டு’ என்ற பழமொழியால் அவருக்கு விளங்கியது. ஆடு மேய்க்கிறவன் கிளையை முழுக்க வெட்ட மாட்டான், ஆடு தழை தின்பதற்கு வளைந்து தொங்குகிற அளவுக்கு வெட்டி விட்டுவிடுவான், கிளை ஒரேயடியாகச் சாகாது, பழையபடி நிமிரவும் செய்யாது. எந்த அகராதியில் தேடினாலும் ‘இடையன்’ கிடைக்கும், ‘மரம்’ கிடைக்கும், இது கிடைக்குமா?

அகராதி வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியில் நிகண்டை, அதாவது சொற்பொருள் சொல்கிற பழைய செய்யுள் நூலை, பாட்டாகவே மனப்பாடம் செய்ய வைத்தார்கள், சூடாமணி நிகண்டில் பதினோராவது தொகுதி முழுக்க ஒரு சொல்லுக்குப் பல பொருள், எதுகை வரிசையில். வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதி செய்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாக வந்தது, ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள், இன்றைக்கும் பழைய பாட்டுக்கு நான் போய் நிற்கிற கடைசி வாசல் அதுதான். கிரியா அகராதி நல்ல அகராதி, ஆனால் பெயரிலேயே தற்காலத் தமிழ் என்று இருக்கிறது, அதில் ‘புணரி’யைத் தேடிவிட்டு இல்லை என்று குறைப்படுவது நியாயம் ஆகாது. நான் சொல்வது முறையைப் பற்றி. முதலில் பாட்டை இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படித்து, எது வினை, யார் செய்கிறார் என்று பிடித்து, ஒட்டிக்கிடக்கிற சொல்லைப் பிரித்து, ஒரு ஊகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அகராதிக்குப் போக வேண்டும். வெறுங்கையோடு போனால் அங்கே இருக்கிற ஏழெட்டுப் பொருளில் முதலில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம். திருப்பாவையில் ‘ஆழி மழைக்கண்ணா’ பாட்டில் ‘ஆழியுள் புக்கு’ என்னும்போது கடல், மூன்று வரி தள்ளி ‘ஆழிபோல் மின்னி’ என்னும்போது பெருமாள் கையில் இருக்கும் சக்கரம். அகராதி இரண்டையும் கொடுக்கும், எங்கே எது என்று பாட்டுத்தான் சொல்லும். போனில் தட்டினால் வருகிறதும் இதே கதைதான், அது சந்தேகமே இல்லாத குரலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

ஊகம் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை, அங்கே அந்த வாசகர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். குறுந்தொகை மூன்றாம் பாட்டில் தலைவி தன் காதலைச் சொல்லும்போது ‘நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று’ என்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் வானத்தைவிட உயர்ந்தது அன்று என்று வரும், காதலே கவிழ்ந்துவிடும். ‘உயர்ந்தன்று’ என்றால் உயர்ந்தது. இது இலக்கணம் தெரிந்தவர் சொல்லாமல் தெரியாது, உரை வேண்டும், வாத்தியார் வேண்டும். என்றாலும் அதில்கூட, நிலத்தைவிடப் பெரியது என்று ஆரம்பித்த பெண் அடுத்த சொல்லில் வானத்தைவிட உயரமில்லை என்று சொல்வாளா என்று எங்கள் மாடியில் ஒருத்தி கேட்டாள். அந்தச் சந்தேகம் வந்துவிட்டால் போதும், உரையைத் தேடி அவளே போவாள்.

அப்புறம் எங்கள் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. வடசென்னைத் தமிழ் கொச்சை, அதைப் பேசுகிற பிள்ளைக்குச் சங்கப் பாட்டு வராது என்று படித்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். ‘அப்பால வா’ என்று சொன்னதற்காக ஒரு பையனை வகுப்பில் சிரித்தார்களாம், வந்து அழுதான். திருத்தொண்டத் தொகையில் சுந்தரர் ‘அப்பாலும் அடிச்சார்ந்தார்’ என்று பாடியிருக்கிறார்டா, அவரும் திருவொற்றியூரில் வந்து இருந்தவர்தான் என்று காட்டினேன். அன்றைக்கு அவன் வீட்டுக்குப் போகும்போது வேண்டுமென்றே மூன்று தடவை அப்பால வரேன் தாத்தா என்று சொல்லிவிட்டுப் போனான்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு பழைய பாட்டு போடுகிறீர்கள், அது நல்ல காரியம், நிறுத்திவிடாதீர்கள். ஆனால் பாட்டுக்குக் கீழேயே அருஞ்சொற்பொருளை ஒட்டிப் போடுகிறீர்கள், கண் தானாகக் கீழே போய்விடுகிறது. குறுக்கெழுத்துப் புதிரின் விடையை மறுநாள்தானே போடுகிறீர்கள்? சொற்பொருளையும் அப்படி மறுநாள் போடுங்கள். நடுவில் ஒரு நாள் எங்களுக்குக் கொடுங்கள், டீக்கடையிலும் மீன் மார்க்கெட்டிலும் கேட்டுப் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்,
தண்டையார்பேட்டை, சென்னை.